ரயில் போகும்வரை வேலை

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு நீங்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பருப்பு வரவில்லை, பாமாயில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிற செருப்புக் கம்பெனிப் பெண்கள்மேல் காட்டினீர்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகும், இன்னும் இத்தனை ஜோடி தைத்து முடித்தால்தான் வீட்டுக்குப் போக வண்டி எடுப்போம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வீடியோவை ஆளாளுக்குப் போனில் வைத்துக்கொண்டு நியாயம் பேசினீர்கள்.

இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லையாம். நாமெல்லாம் எப்படி வேலை செய்தோமாம். ஒரு நாளாவது வாயைத் திறந்திருப்போமா என்று ஒருத்தி கேட்க, வரிசையில் இருந்த நம் வயதுக்காரிகள் அத்தனை பேரும் தலையை ஆட்டினீர்கள்.

நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீடியோவில் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவள் என் தங்கை மகள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, எழுத்துதான் வரும். வருஷக்கணக்காக அங்கன்வாடியில் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. ஆகையால் எழுதுகிறேன். நாம் வாயைத் திறந்தோம். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, நடுவில் புகுந்து ஒரு நாள் அதைக் கெடுக்கவும் செய்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர் காணையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து மேற்கே போகிற ஒற்றைத் தண்டவாளம் எங்கள் காலனிக்கும் வயல்காட்டுக்கும் நடுவே ஓடும். கரி எஞ்சின் காலம். எஞ்சின் போன பிறகு கொடியில் காயும் துணியை எடுத்து உதறினால் கரித்தூள் கொட்டும். அந்தச் சூடான கரி வாசனையும் எண்ணெய் வாசனையும் எனக்குப் பிடிக்கும். அப்பா மேலும் அதே வாசனைதான் அடிக்கும். அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தோடு நடந்துபோய், தளர்ந்த ஆணியை அடித்து இறுக்கி, ஜல்லியைக் கிளறிக் கொத்திவிடுகிற வேலை. நிரந்தரமான வேலை இல்லை, தற்காலிகம்தான். அந்தத் தற்காலிகத்திலேயே எட்டு வருஷம் போயிருந்தது.

அம்மா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்தாள். அந்தப் பக்கத்து நிலம் முழுக்க ஒருவருடையது. கூலி வேலை செய்கிறவர்கள் அவரை ஆண்டே என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை நான் என் வாயால் சொல்லி ரொம்ப வருஷமாகிறது, இங்கே நிலத்துக்காரர் என்றே எழுதுகிறேன். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் காலத்தில் பக்கத்து ஊர்களில் எல்லாம் ஆய்ந்த காயை அளந்து அதில் பங்கு கொடுப்பார்கள். இவர் மட்டும் நாள் கூலிதான் கொடுப்பார். நாள் கூலி என்றால் நாள் எப்போது முடியும் என்பதுதானே எல்லாம்? அதைத்தான் ரயில் முடிவு செய்தது.

சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து ஒரு பாசஞ்சர் வரும். ஐந்தேகாலுக்கு எங்கள் வயலைத் தாண்ட வேண்டும். அது தாண்டிவிட்டால் வேலை முடிந்தது, கரையேறிவிடலாம். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ஏற்பட்ட வழக்கம் அது. அதற்கு முன்னால் பொழுது சாய்கிறவரை வேலை. பொழுது சாய்ந்ததா இல்லையா என்பதை நிலத்துக்காரர் சொல்ல வேண்டும். அவர் கண்ணுக்குப் பொழுது லேசில் சாயாது. பெண்கள் பேசிப் பேசித்தான் ரயிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ரயில் யாருக்கும் சொந்தமில்லை, அதை யாரும் பிடித்து நிறுத்திவைக்க முடியாது, அது பொது ஆள் என்பது அவர்கள் எண்ணம். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லுவாள். யாருக்கும் சொந்தமில்லை என்றது சரிதான். ஆனால் நேரத்துக்கு வர வேண்டும் என்று யாரும் அந்த ரயிலிடம் சொல்லிவைக்கவில்லை. அது ஐந்தரைக்கு வரும், ஆறுக்கு வரும், ஒரு நாள் எஞ்சின் கோளாறு என்று ஆறே முக்காலுக்கு வந்தது. நிலத்துக்காரர் கையில் வெள்ளிச் சங்கிலி வைத்த கடிகாரம் கட்டியிருப்பார். மணி என்ன என்று கேட்டால் ரயிலைக் கேள் என்பார்.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் அவருடைய கிணற்றுப் பாசன மல்லாட்டை முற்றி நின்றது. பள்ளிக்கூடம் லீவு. நானும் அம்மாவோடு போனேன். பன்னிரண்டு பெண்கள், என்னைப் போல நான்கைந்து பிள்ளைகள். காலையில் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் குத்து குத்தாகக் கூட்டிவைப்பார்கள். பிறகு குந்தியபடியே செடியிலிருந்து காயைப் பறித்து ஆய வேண்டும். செடி வாடவாட ஒரு பச்சை வாசனை கிளம்பும், அது மூக்கில் ஏறித் தலைவலி கொடுக்கும். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், நகக்கண்ணில் செம்மண் ஏறி, கூழ் குடிக்கும்போது உப்பு பட்டால் எரியும். பிள்ளைகள் நாங்கள் பிஞ்சுக்காயாகப் பார்த்து வாயில் போட்டுக்கொள்வோம். அதைப் பார்த்தால் நிலத்துக்காரர் குடையை நீட்டி அதட்டுவார்.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். என் தங்கை வயிற்றில் இருந்தாள். அதற்கு முந்தின வருஷமும் அம்மா உண்டாகியிருந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்தவளுக்கு வயலிலேயே வலி எடுத்து, கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அம்மா இடுப்பில் கை வைத்து நிமிரும்போதெல்லாம் என் கை வேலையை விட்டுவிடும். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் நான் அந்த வயலுக்கே போனேன். லீவு என்பதெல்லாம் சாக்கு.

அந்த நேரத்தில்தான் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அப்பா அதற்குப் பல நாள் முன்னாலிருந்தே விழுப்புரம் ஜங்ஷனில் நடந்த கூட்டங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை என்று வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் ரயில் ஓடாது. அப்பா என்னைத் தண்டவாளத்தருகே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "பாத்துக்கினே இரு. ஒரு வண்டி ஓடாது" என்றார். பிறகு ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேலைநிறுத்தம் செய்கிறவர்களைப் போலீஸ் பிடிக்கிறது, அதனால் வானூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னார். மறுநாளே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பானையெல்லாம் உருட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் செருகியிருந்த, அவர் வண்டிக்குக் காட்டுகிற சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காட்டன் துணிக் கொடிகள், ஓரத்தில் அம்மா தைத்துக் கொடுத்தவை. அவை திரும்பி வரவே இல்லை.

எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். அத்தனை பெரிய ரயிலை என் அப்பா நிறுத்திவிட்டார்.

முதல் நாள் வயலில் எல்லாரும் வழக்கம்போல ஆய்ந்துகொண்டிருந்தோம். ஐந்தேகால் ஆகியிருக்கும், ரயில் வரவில்லை. ஆறு ஆகியிருக்கும், வரவில்லை. எப்போதும் போலத் தாமதம் என்றுதான் பெண்கள் நினைத்தார்கள். அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது, இன்றைக்கு ரயிலே கிடையாது என்று. நிலத்துக்காரரிடம் போய்ச் சொன்னார்கள். ரயில் போனால்தானே வேலை முடியும், நீங்கள் கேட்டு வாங்கிய வழக்கம்தானே என்றார் அவர். காய் எது மண்ணாங்கட்டி எது என்று கண்ணுக்குத் தெரியாத நேரம்வரை குந்தியிருந்தோம். அப்புறம் அவரே போகச் சொன்னார்.

வரப்பில் நடக்கும்போது எதிர்வீட்டு அத்தை பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தங்கை முறை, வாய் நீளம். அம்மாவைப் பார்த்து, "எங்கண்ணன் ரயில நிறுத்திட்டு எங்கியோ போய் ஜோரா குந்திக்கினு கீது. இங்க நம்ம இடுப்பு ஒடியுது அண்ணி" என்றாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்டு மணி நேரம் கேட்கப் போனவர்கள் நம்முடைய நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அது உண்மைதானே? அம்மா முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். அவள் கால் இரண்டும் வீங்கி, மெட்டி விரலில் புதைந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு மெட்டியைக் கழற்றினேன்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளும் அப்படித்தான். பிடுங்கிய செடி குத்துக் குத்தாகக் காத்துக்கொண்டிருந்தது, மேற்கே மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. கோடை மழை பிடித்தால் ஆயாத காயெல்லாம் முளைத்துவிடும். நிலத்துக்காரருக்கு அந்த அவசரம்.

நான்காம் நாள் சாயங்காலம், வெயில் நன்றாக இருக்கும்போதே, அம்மா கையிலிருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். முந்தானையை உதறிக்கொண்டு, "ரயிலு போச்சி" என்றாள்.

எல்லாரும் தண்டவாளத்தைப் பார்த்தோம். வெறும் தண்டவாளம்தான். இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அத்தைதான் முதலில் புரிந்துகொண்டாள். ஆமாம், இப்போதுதான் போனது, இன்றைக்குக் கூட்டமே இல்லை என்று சொல்லிக்கொண்டே அவளும் எழுந்தாள். இன்னொருத்தி, கடைசிப் பெட்டி ஜன்னலில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள், நீ பார்க்கவில்லையா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். பார்த்தேனே, ஆண் குழந்தை என்றாள் அவள். நிலத்துக்காரர் கிணற்று மேட்டிலிருந்து ஓடி வருவதற்குள் பன்னிரண்டு பேரும் வரப்பில் இருந்தார்கள். ரயில் எங்கே என்று அவர் கேட்டார். போய்விட்டது என்றார்கள். நான் பார்க்கவில்லையே என்றார். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தீர்கள் என்றாள் அத்தை, மிகவும் பணிவாக.

அன்று வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். அத்தையின் வாயில் அந்த இல்லாத ரயில் பெட்டி பெட்டியாக நீண்டுகொண்டே போனது. வெளிச்சம் இருக்கும்போதே அம்மா குளித்தாள், குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இல்லை. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ரயில் போனது என்று அம்மா சொன்னால் அப்பா தோற்றுவிட்டார் என்று அர்த்தம். ஒரு வண்டி ஓடாது என்று சொன்னவர் என் அப்பா. அவர் போலீசுக்குப் பயந்து எங்கேயோ இருக்கிறார், இங்கே அவர் பெண்டாட்டியே ஊர்கூட்டி ரயிலை ஓட்டுகிறாள். பத்து வயது மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

மறுநாளும் ரயில் போனது. அதற்கு அடுத்த நாள் நிலத்துக்காரர் முன்கூட்டியே வந்து தண்டவாளத்துக்கு நேர் எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அம்மா எழுந்து அதே வார்த்தையைச் சொன்னாள். பெண்களும் எழுந்தார்கள். அவர் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

நான் படிக்கிற பெண் என்றும், படிக்கிற பிள்ளைகள் பொய் சொல்லாது என்றும் முதலில் புகழ்ந்தார். அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். பிறகு கேட்டார், "சொல்லு பாப்பா. ரயிலு போச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

"போவலைங்க" என்றேன். "ஒரு வண்டியும் ஓடாது. எங்கப்பாதான் நிறுத்தி வெச்சிருக்காரு."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப உங்கப்பன் வந்து வண்டிய வுடற வரிக்கும் ஆயுங்க" என்றார் பெண்களைப் பார்த்து.

பன்னிரண்டு பேரும் திரும்பி வந்து குந்தினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர் வேண்டுமென்றே நேரம் கடத்தினார். வானத்தில் மீன் தெரிகிறவரை விடவில்லை. திரும்பி வரும்போது தண்டவாளத்தில் ஏறுகிற மேட்டில் அம்மா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை ஓடி வந்து அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசியவள் அண்ணியின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள். நான் பக்கத்தில் போகப் பயந்து ஜல்லிமேல் நின்றிருந்தேன். அந்தப் பிள்ளையும் போய்விட்டால் அது நான் கொன்ற பிள்ளை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. அம்மா எழுந்து, என்னைப் பார்க்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது வேண்டாம் என்று அழுதேன். கூழைத் தூக்குவாளியில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். வேறு வழி இல்லை. அப்பாவின் சம்பளம் நின்றுபோயிருந்தது. நானும் பின்னால் போனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நிலத்துக்காரர் முதலிலிருந்தே எங்கள் அருகில் நின்றார். இன்றைக்கு எந்த ரயில் போகிறது பார்க்கலாம் என்று அவருக்கு ஒரே உற்சாகம். பெண்கள் யாரும் நிமிரவில்லை. காய் கூடையில் விழுகிற சத்தம்தான். வெயில் மஞ்சளாக மாறுகிற நேரம், அம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, மெதுவாக எழுந்து நின்றாள். நிலத்துக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு, ரயில் போய்விட்டதா என்று கேட்டார்.

"ரயிலு போவல" என்றாள் அம்மா. "நாங்க போறோம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆண்டே என்று சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வரப்பைப் பார்த்து நடந்தாள்.

எங்கே மற்றவர்கள் எழுந்திருக்காமல் போய்விடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பொய் சொல்லி எழுந்திருப்பதற்குப் பன்னிரண்டு பேரும் தயாராக இருந்தார்கள். பொய் சொன்னால் நாளைக்கு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. ஒளிந்துகொள்ள இதில் ஒரு இடமும் கிடையாது. அத்தை எழுந்தாள். கூடையிலிருந்த காயை அம்பாரத்தில் கொட்டிவிட்டு, வெறும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொருத்தியாக அதேபோலக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். நாளையிலிருந்து எவளும் இந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது என்று அவர் கத்தினார். அம்மாவின் பேரைச் சொல்லி, அப்பாவின் பேரைச் சொல்லி, காலனியின் பேரைச் சொல்லிக் கத்தினார். கடைசியில் நான் மட்டும் நின்றேன். நீ நல்ல பெண் ஆயிற்றே என்று என்னிடம் குரலை மாற்றினார். என் கூடையில் பாதிதான் இருந்தது. கொட்டினேன், கவிழ்த்தேன், ஓடினேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் யாரும் வேலைக்குப் போகவில்லை. அடுப்பில் கேப்பைக் கூழ் நீர்த்துக்கொண்டே வந்தது. நிலத்துக்காரர் கெடார்ப் பக்கம் ஆள் பிடிக்கப் போனாராம். அங்கே அவரவர் காட்டிலேயே மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வயிறு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த இரண்டு நாளும் காலனியே மேற்கு மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மழை வேண்டாம் என்று அவர் கும்பிட்டிருப்பார். நாங்கள் ஒரே ஒரு தூறல் போடு சாமி என்று கும்பிட்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் மேகம் கறுத்து, நாலு துளி விழுந்தது. தூறல் நிற்பதற்குள் அவருடைய காரியக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காலனிக்கு வந்துவிட்டார். ஜல்தியாக வந்து ஆய்ந்து கொடுங்கள், பழையதை மறந்துவிடலாம், எதுவானாலும் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அம்மா வீட்டுக்குள் இருந்தாள். பேசியது அத்தை. ரயில் கதையே இனிமேல் வேண்டாம் என்றாள். "அவரு கையில ஒண்ணு கட்டிக்கினு கீறாரே, அதுல அஞ்சி ஆனா போய்க்கினே இருப்போம். சொல்லு போய்." காரியக்காரர் போனார், வந்தார், ஐந்தரை என்றார். மறுபடி போனார், வந்தார். ஐந்து என்று முடிந்தது. ஐந்து மணி ஆனதும் அவரே குரல் கொடுக்க வேண்டும் என்றும் முடிந்தது. ரயிலைக் கேள் என்று சொன்ன வாய், மறுநாள் சாயங்காலம் கிணற்று மேட்டில் நின்று "அஞ்சி ஆச்சி" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். வேப்பெண்ணெய் குடித்த முகம்.

அதற்குச் சில நாளுக்குப் பிறகு ரயில்கள் ஓட ஆரம்பித்தன. முதல் ரயில் போன சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அப்பா அதற்கு மறுநாள் வந்தார். தாடி வளர்ந்து, சட்டை காலர் கிழிந்து, பாதி ஆளாக வந்தார். வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது, கேட்டது ஒன்றும் கிடைக்கவில்லை, தற்காலிக ஆட்களைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். எட்டு வருஷம் ஒரு காகிதத்தில் போய்விட்டது. எல்லாம் போச்சு, தோற்றுவிட்டோம் என்று சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, இங்கே அம்மா செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் காட்டிக்கொடுத்ததையும் சொன்னேன்.

அப்பா நிஜமாகவே சிரித்தார். எந்தச் சங்கம், கொடி என்ன கலர், தலைவர் யார் என்று அம்மாவைக் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார்.

அம்மா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். "முதுவு நொந்துச்சி. எழுந்துக்கினோம்" என்றாள்.

அதற்கும் அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு நாற்பது வருஷம் அப்பா உயிரோடு இருந்தார். மே மாதம் வந்தால் யாராவது கூப்பிட்டு மேடையில் உட்கார வைப்பார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கள், வேலை போனவர்கள், குடும்பத்தோடு குவார்ட்டர்ஸிலிருந்து தெருவில் தள்ளப்பட்டவர்கள் எல்லாரைப் பற்றியும் பேசுவார். நன்றாகவே பேசுவார், கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஒரு தடவைகூட மல்லாட்டைக் காட்டைப் பற்றிப் பேசியதில்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அது போராட்டம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நமக்கும்தான் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நீங்கள் ரேஷன் கடை வரிசையில் அப்படித் தலையை ஆட்டியிருக்க மாட்டீர்கள்.

ஆடி மாதம் தங்கை பிறந்தாள். முழு மாதம், நல்ல எடை. அத்தைதான் தொப்புள்கொடி அறுத்தாள்.

அப்பாவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஆவணியில் அதே நிலத்துக்காரரின் காட்டுக்கே கூலிக்குப் போனார். கேங்மேன் கை, மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் இல்லை. வெள்ளரி போட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் வரப்பு வழியாக வந்தேன், அங்கே களை பறிக்கப் போயிருந்த அத்தையோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று. அம்மா தங்கையோடு வீட்டில் இருந்தாள். கிணற்று மேட்டிலிருந்து ஐந்தாச்சு என்று குரல் வந்தது. பெண்கள் எல்லாரும் களைக்கொத்தைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு எழுந்தார்கள். அப்பா மட்டும் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தார். நடுநடுவே நிமிர்ந்து விழுப்புரம் பக்கம் தண்டவாளத்தைப் பார்த்தார். நிலத்துக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார், ஓர் ஆள் தானாக வேலை செய்தால் அவருக்கு என்ன கசக்குமா?

அத்தை வரப்பில் ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, ரயிலுக்கா காத்துக்கினு கீற? எழுந்து வா. அஞ்சி ஆச்சி, அண்ணி வாங்கிக் குடுத்த அஞ்சி."

அப்பா நிமிர்ந்தார். அத்தையைப் பார்த்தார், அப்புறம் நிலத்துக்காரரைப் பார்த்தார். வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக நடந்து வந்தார்.